நெறிமுறை ஆவணமும் பர்ச்சேஸ் ஆர்டரும் ஒரே பேச்சைப் பேச வேண்டும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம். நீங்கள் கொள்முதல் பிரிவில் இருக்கிறீர்கள், கையில் 140 சப்ளையர்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர், "உங்கள் சப்ளையர்களுக்கு நெறிமுறை, சுற்றுச்சூழல் தரநிலை என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். என்ன எழுதுவது, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால் போதுமா, ஆடிட் வைத்தால் உண்மை வெளியே வருமா என்று கேட்கிறீர்கள். கூடவே, குரோம் பிளேட்டிங் செய்து தரும் ஒருவர் கழிவுநீரை இரவில் திறந்துவிடுவதாக உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அவரை உடனே நிறுத்திவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

நான் 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் எட்டு வருடம் விலை பேசுகிற பக்கம், பிறகு சப்ளையர் ஆலைகளுக்குள் போய்ப் பார்க்கிற பக்கம். ஆலைகளில் நான் கண்ட தப்புகளில் பலவற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால், வாங்குகிறவரின் மேசைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன். அங்கே ஒரு விலை இருக்கும், அல்லது ஒரு டெலிவரி தேதி இருக்கும், அல்லது நான்கு மாதம் நிலுவையில் கிடக்கும் ஒரு பில் இருக்கும். அதனால் நெறிமுறை ஆவணத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

எழுதுவது சுலபமான பகுதி. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-இல் அடிப்படை உரிமைகள் நான்கை அறிவித்தது: சங்கம் சேர்ந்து பேரம் பேசும் உரிமை, கட்டாய உழைப்பு கூடாது, குழந்தை உழைப்பு கூடாது, பாகுபாடு கூடாது. 2022-இல் ஐந்தாவதாகப் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணியிடம் சேர்ந்தது. இந்த ஐந்தும் உங்கள் ஆவணத்தின் முதுகெலும்பு. வயதுக்கு 1973-ஆம் ஆண்டின் 138-ஆவது உடன்படிக்கை இருக்கிறது: பொதுவாக 15, ஆபத்தான வேலைக்கு 18. வேலை நேரத்துக்கு இந்தத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, வாரம் 48 மணி நேரம், அதற்குமேல் விருப்பத்தின் பேரில் 12 மணி நேர ஓவர்டைம், ஏழு நாளில் ஒரு நாள் முழு ஓய்வு. ஆலை இருக்கும் நாட்டின் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் சட்டமே செல்லும் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

லஞ்சத்துக்கும் ஒரு பத்தி வேண்டும், அது இரு பக்கமும் கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும். உங்கள் ஆட்களுக்குப் பரிசு கொடுத்து ஆர்டர் பிடிக்கிறவர் அந்தக் காசை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் சம்பளத்திலிருந்து எடுப்பார், இல்லையென்றால் பாதுகாப்புச் செலவிலிருந்து எடுப்பார்.

நான் பார்த்த ஆவணங்களில் அடிக்கடி விடுபடுவது வேலைக்குச் சேர்ப்புக் கட்டணம். கட்டாய உழைப்பு என்றதும் சங்கிலியும் பூட்டும் நினைவுக்கு வருகின்றன. இன்றைக்கு அது பெரும்பாலும் கடன் வடிவில் வருகிறது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளி ஏஜெண்டுக்குப் பணம் கட்டியிருப்பார், அதற்கு வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பார். அந்தக் கடன் தீரும்வரை எவ்வளவு மோசமான இடமாக இருந்தாலும் அவரால் விட்டுப் போக முடியாது.

ஒரு ஆலையின் தங்கும் விடுதியில் ஒருமுறை, வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஒரு இரும்பு அலமாரியில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், மேலே பெயர் ஒட்டி, ஒழுங்காக இருந்தது. "தொலைந்துவிடக் கூடாதே என்று நாங்களே பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றார் மேலாளர். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சாவி யாரிடம் என்று கேட்டேன். அவரிடம். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்குப் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் என்று கேட்டேன். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், என்ன காரணம் என்றும் எழுத வேண்டும். அந்த விடுதியில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனால் 62 பேர் தங்கள் ஊருக்குத் திரும்பிப்போக இன்னொருவரிடம் காரணம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் ஆளுக்கொரு சிறு பெட்டகம் வைத்து, சாவியை அவரவரிடமே கொடுத்தார்கள். செலவு மிகக் குறைவு. யாரும் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஆவணத்தில், "சேர்ப்புக் கட்டணம் முழுவதும் முதலாளியுடையது, ஏற்கெனவே தொழிலாளி கட்டியிருந்தால் திருப்பித் தர வேண்டும், அடையாள ஆவணம் தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும்" என்று இந்த மூன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

இனி சுற்றுச்சூழல். இதில் ஒரு குழப்பத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. பொருளில் எது இருக்கக் கூடாது என்பது ஒன்று, அதைச் செய்யும்போது எது வெளியேறக் கூடாது என்பது வேறு. முதலாவதை நாம் நன்றாகச் செய்கிறோம், காரணம் சுங்கத்தில் சரக்கு நின்றுவிடும். மின்னணுச் சாதனங்களுக்கான ஐரோப்பாவின் 'ரோஸ்' விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஈயம், பாதரசம், ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) போன்றவை 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, காட்மியம் 0.01 சதவீதம். இதை லேபில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் பிளேட்டிங் பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் குரோம் பூசிய தண்டை லேபுக்கு அனுப்பினால் பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் மேலே படிந்திருப்பது உலோகக் குரோமியம். ஆனால் அது படிந்த தொட்டியில் இருந்தது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமிக் அமிலம். தொட்டியிலிருந்து எழும் ஆவித்துளிகளைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழலாம். பாகத்தில் இல்லாத விஷம் அதைச் செய்தவரின் உடம்பிலும் ஆலைக்குப் பின்னால் ஓடும் தண்ணீரிலும் இருக்கலாம். பொருள் சோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு "எங்கள் சப்ளையர் சுற்றுச்சூழல் விதிக்கு உட்பட்டவர்" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஒரு ரசாயனத்தை எதற்காக மாற்றினார்கள் என்று கேட்பதும் முக்கியம். சீனாவின் சூசோ நகரில் தொடுதிரை செய்த ஒரு ஆலையில், கண்ணாடியைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலாக என்-ஹெக்ஸேன் என்ற கரைப்பானைக் கொண்டுவந்தார்கள். அது சீக்கிரம் உலரும், அதனால் வேலை வேகமாக நடக்கும். 137 தொழிலாளர்களுக்கு நரம்பு பாதித்தது, கை கால் மரத்துப்போனது. அந்தத் திரைகளை வாங்கிய ஆப்பிள், 2011-இல் வெளியிட்ட சப்ளையர் அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. திரையில் என்-ஹெக்ஸேன் ஒரு துளியும் மிஞ்சியிருக்காது. அதனால் உங்கள் ஆவணத்தில், புதிய கரைப்பானோ ரசாயனமோ ஆலைக்குள் வருமுன், அதன் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தாளோடு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கட்டும்.

கார்பன் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பசுங்குடில் வாயு நெறிமுறையில் 'ஸ்கோப் 3', அதாவது உங்கள் ஆலைக்கு வெளியே உங்கள் வணிகத்துக்காக வெளியாகும் வாயு, 15 பிரிவுகள் கொண்டது, வாங்கிய பொருட்கள் அதில் முதல் பிரிவு. பலரும் செலவழித்த தொகையை ஒரு சராசரி எண்ணால் பெருக்கிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சப்ளையர் நல்ல உலை வாங்கினாலும் உங்கள் கணக்கு மாறாது, விலை குறைத்தால் மட்டும் மாறும். அதற்குப் பதிலாகப் பெரிய பத்து சப்ளையர்களிடம் மாத மின் யூனிட், எரிபொருள் லிட்டர், உற்பத்தி டன் என்று மூன்றே எண்கள் கேளுங்கள். ஒரு வருடம் வாங்கினால் போதும், எந்த உலை எரிபொருளை வீணாக்குகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கையெழுத்து வாங்கினால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது, ஆனால் தேவை. கையெழுத்து இல்லாமல் ஆலைக்குள் போய்க் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது. அதே சமயம் 140 பேருக்கும் 200 கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பாதீர்கள். நானும் அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று நிரப்பி அனுப்பினார்கள், அந்தக் காகிதங்களால் ஒரு தொழிலாளிக்கும் ஒரு நன்மையும் நடக்கவில்லை. வேலையின் தன்மையை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பிளேட்டிங், பெயின்டிங், வார்ப்பாலை, வெப்பப் பதப்படுத்தல், கான்ட்ராக்ட் தொழிலாளர் அதிகம் இருக்கும் இடம், தங்கும் விடுதி நடத்தும் இடம். வார்ப்பாலையைச் சேர்ப்பதற்குக் காரணம் சிலிக்கா தூசி. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூசிதான் நுரையீரலுக்குள் போய்த் தங்கும், அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. இப்படிப் பிரித்தால் 140 பேரில் 15 அல்லது 20 பேர் மிஞ்சுவார்கள். உங்கள் நேரமும் பணமும் அங்கே போகட்டும்.

விநியோகச் சங்கிலி உங்கள் சப்ளையரோடு முடிவதில்லை என்பதும் உண்மை. 2007-இல் மட்டல் நிறுவனம் ஈயம் கலந்த பெயின்ட்டுக்காக லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. பொம்மை செய்த ஆலை பல வருடம் பழக்கமானது, பெயின்ட் வந்த வழியில்தான் கோளாறு. ஆனால் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போனால் நீங்கள் களைத்துவிடுவீர்கள். எங்கே சங்கிலி குறுகுகிறதோ அங்கே பிடிக்க வேண்டும். வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கு கனிமங்களும் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்தோ அதன் அண்டை நாடுகளிலிருந்தோ வந்தவையா என்று வெளிப்படுத்த வேண்டும் என அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502-ஆவது பிரிவு சொன்னபோது, தொழில்துறை கண்டுகொண்டது இதைத்தான். சுரங்கங்கள் எண்ணிலடங்காதவை, பாகம் செய்கிறவர்களும் அப்படியே, நடுவில் இருக்கும் உருக்காலைகள் மட்டும் சில நூறுதான். அதனால் உருக்காலையைத் தணிக்கை செய்தார்கள். உங்கள் பொருளில் அந்தக் குறுகிய கழுத்து பெயின்ட் தயாரிப்பாளராக இருக்கலாம், எஃகு ஆலையாக இருக்கலாம், ஆள் சப்ளை செய்யும் ஒரே கான்ட்ராக்டராகவும் இருக்கலாம்.

ஆடிட் உண்மையைச் சொல்லுமா? இதற்கு இரண்டு பேரழிவுகளைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்தது. 250-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் தொழிலாளர்களை முறையாக நடத்துவதற்கான எஸ்ஏ 8000 சான்று அந்த ஆலைக்குக் கிடைத்திருந்தது. அடுத்த ஏப்ரலில் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்தின் வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். மேல் மாடிகளின் தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகள் சிலவற்றில் தொழிலாளர் நிலையைப் பார்க்கும் சமூகத் தணிக்கை நடந்திருந்தது, ஆனால் கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்பது தணிக்கைப் பட்டியலில் இல்லை. விரிசல் விட்ட கட்டடத்துக்குள் போக மாட்டோம் என்று சொல்லும் பலம் அந்தத் தொழிலாளர்களுக்கு இருந்திருந்தால் அத்தனை பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள். சங்கம் சேரும் உரிமையைப் பலர் தங்கள் ஆவணத்தில் ஒரு சடங்காக எழுதுகிறார்கள். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் ராணா பிளாசாதான் நினைவுக்கு வருகிறது.

இடிபாட்டுக்குப் பிறகு வந்த 2013-ஆம் ஆண்டின் தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வேறு மாதிரி அமைந்தது. 200-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொறியாளர்கள் சுமார் 1,600 ஆலைகளைப் பரிசோதித்தார்கள், அறிக்கைகளைப் பொதுவில் வைத்தார்கள். பழுதுபார்க்கும் செலவுக்குச் சப்ளையரிடம் பணம் இருப்பதை வாங்குகிறவர் உறுதிசெய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. கதவைத் தீத்தடுப்புக் கதவாக மாற்று என்று சொல்கிறவர், அந்தக் கதவுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பொறுப்பேற்றார். இந்த ஒரு ஷரத்தை உங்கள் ஆவணத்தில் ஏதாவது ஒரு வடிவில் கொண்டுவர முடிந்தால், பாக்கி எல்லாவற்றையும்விட அது அதிக வேலை செய்யும்.

அதற்காக ஆடிட்டே வீண் என்று சொல்ல மாட்டேன். சரியான இடத்தில் பார்த்தால் உண்மை தெரியும். வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருப்பார்கள். யாரும் உங்களுக்காகத் தயார் செய்யாத பதிவேடுகளைக் கேளுங்கள். தையல் ஆலையில் ஊசி உடைந்தால், துண்டு துணிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத் தேதி, நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதி, உடைந்த துண்டையும் டேப் போட்டு ஒட்டி வைப்பார்கள். ஒரு ஆலையில் அந்தப் பதிவேட்டைப் புரட்டியபோது ஞாயிற்றுக்கிழமை இரவு 9.40-க்கு ஒரு ஊசி உடைந்திருந்தது. வருகைப் பதிவேட்டின்படி அந்த ஞாயிறு விடுமுறை. ஒட்டியிருந்த அந்தச் சின்ன இரும்புத் துண்டை நான் காட்டியதும் உற்பத்தி மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவராகவே இரண்டாவது பதிவேட்டை எடுத்து வந்தார். உங்கள் தொழிலில் ஊசி இல்லை, ஆனால் ஜெனரேட்டர் டீசல் பதிவேடு இருக்கும், பராமரிப்புப் பதிவேடு இருக்கும், கேட்டில் லாரி எண் எழுதும் நோட்டு இருக்கும், உலையின் வெப்பநிலை வரைபடம் இருக்கும். உலை ஞாயிற்றுக்கிழமை 900 டிகிரியில் நின்றிருந்தால் அதன் பக்கத்தில் யாரோ நின்றிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் பின்கதையையும் சொல்ல வேண்டும். எதற்காக அன்றிரவு வேலை வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் ஒரு மின்னஞ்சலை எடுத்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் நிறுவனத்திலிருந்து போனது: நிறம் மாறுகிறது, கப்பல் தேதி மாறாது. அனுப்பியவர் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவர். நான் எழுதிய அறிக்கையில் 'அதிகப்படியான ஓவர்டைம், இரட்டைப் பதிவேடு' என்று சப்ளையர் பெயருக்கு நேராக ஒரு பெரிய குறை பதிவாகியது. எங்கள் பெயருக்கு நேராக ஒன்றுமே பதிவாகவில்லை, படிவத்தில் அதற்கு இடமே இல்லை. அது இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011-இல் ஏற்ற வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டு நெறிகள் இதற்குப் பெயர் வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனம் தீங்கைத் தானே உண்டாக்கலாம், தீங்குக்குத் துணைபோகலாம், அல்லது தன் வணிக உறவின் வழியாக அதோடு தொடர்புபட்டிருக்கலாம். கடைசி நேரத்தில் ஆர்டரின் தேவையை மாற்றிவிட்டு, தேதியையும் விலையையும் மாற்றாமல் சப்ளையரை நெருக்குவது துணைபோவதற்கு உதாரணமாக ஐ.நா.வின் விளக்கக் கையேட்டிலேயே வருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 87 நாடுகளைச் சேர்ந்த 1,454 சப்ளையர்கள் பதில் சொன்னார்கள். உற்பத்திச் செலவுக்கும் கட்டாத விலையில் ஆர்டர் எடுத்ததாகச் சொன்னவர்கள் 39 சதவீதம். அடுத்த ஆர்டரும் வேண்டுமே என்பதற்காக எடுக்கிறார்கள். அந்த இடைவெளி எங்காவது போய் விழத்தான் செய்யும்.

ஆகவே உங்கள் ஆவணத்தில் இரண்டாவது பாகமாக, நீங்கள் எதற்குக் கட்டுப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். விவரக்குறிப்பு மாறினால் டெலிவரி தேதியும் சேர்ந்து நகரும். பில் 45 நாளில் தீரும், அல்லது உங்களால் முடிந்த ஒரு நாள் கணக்கு. விலைப் பேச்சில் கூலி ஒரு தனி வரியாக நிற்கும், அந்த வரியில் பேரம் கிடையாது. ஆர்டரை ரத்து செய்தால் வாங்கிவிட்ட மூலப்பொருளுக்கும் செய்துமுடித்த வேலைக்கும் பணம் கொடுக்கப்படும். உங்கள் நிர்வாகம் இதற்குத் தயங்கும். அப்போது சட்டத்தைக் காட்டலாம். பிரான்ஸ் 2017-இல் பெரிய நிறுவனங்களுக்கு, தங்கள் சப்ளையர்களிடம் நடக்கும் தீங்கையும் கவனிக்க வேண்டும் என்ற விழிப்புக் கடமையைச் சட்டமாக்கியது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 முதல் 3,000 ஊழியர்களுக்கும், 2024 முதல் 1,000 ஊழியர்களுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வந்தது, கொள்முதல் நடைமுறையையும் அது பார்க்கச் சொல்கிறது. உங்களிடம் கேள்வி கேட்ட வாடிக்கையாளர் இப்படிப்பட்ட சட்டம் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகத்தான் இருப்பார்.

கூடவே, தொழிலாளர்கள் உங்களுக்கு நேரடியாகச் சொல்ல ஒரு எண் வையுங்கள். அவர்கள் பேசும் மொழியில், ஆலை நிர்வாகத்தின் வழியாகப் போகாத ஒரு எண். ஆடிட்டர் வருடத்தில் இரண்டு நாள் வருகிறார், அவர்கள் மற்ற நாளெல்லாம் அங்கேயே இருக்கிறார்கள். பூட்டிய கதவு, வராத சம்பளம், கை நீட்டி அடிக்கும் மேஸ்திரி, இவையெல்லாம் எனக்கு முதலில் தெரிந்தது போன் வழியாகத்தான். பேசினவரை வேலையைவிட்டு எடுத்தால் அது ஒப்பந்த மீறல் என்பதையும் எழுதிவையுங்கள்.

இப்போது உங்கள் பிளேட்டிங் சப்ளையர். நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு வரலாறு ஒரு கடுமையான பாடத்தைக் கொடுத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், குழந்தைகள் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்று அமெரிக்காவில் வந்ததும், வங்கதேசத்து ஆடை ஆலைகள் பயந்துபோய் சுமார் 50,000 குழந்தைகளை வேலையிலிருந்து நீக்கின. பலர் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும், அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள் என்று யுனிசெஃப் எழுதியது. அதே நாட்டில் 1992-இல் ஜீன்ஸ் நிறுவனமான லீவை ஸ்ட்ராஸ் தன் ஒப்பந்தக்காரர்கள் இருவரிடம் 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் கண்டபோது வேறு வழியில் போனது. பள்ளிச் செலவை நிறுவனம் ஏற்றது, ஆலைகள் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்தன, 14 வயது ஆனதும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டன. ஆர்டரை வெட்டிவிட்டால் உங்கள் கை சுத்தமாகத் தெரியும். ஆனால் உங்களிடம் இருந்த ஒரே பிடிமானமும் போய்விடும். அந்தத் தொட்டி அங்கேயேதான் இருக்கும், இன்னொருவருக்குப் பூசிக்கொண்டிருக்கும்.

காதில் விழுந்ததை வைத்து எதுவும் பேசாதீர்கள், நேரில் போங்கள். குரோம் கழிவுநீரைச் சுத்திகரிப்பது கண்ணால் பார்க்கக்கூடிய வேலை. அமிலம் சேர்த்து பி.ஹெச். அளவை 2 அல்லது 3-க்குக் கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போடுவார்கள். மஞ்சளாக இருக்கும் தண்ணீர் பச்சையாக மாறும், ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் நச்சு குறைந்த டிரைவேலன்ட் வடிவமாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு சுண்ணாம்பு சேர்த்து பி.ஹெச். 8, 9-க்கு ஏற்றினால் குரோமியம் கசடாக அடியில் படியும். அதை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து கட்டியாக எடுப்பார்கள். அந்த ஆலையில் சயனைடு தொட்டியும் இருந்தால், அதன் கழிவுநீர்க் குழாய் இந்த அமிலக் குழாயோடு எங்கேயும் சேரவில்லை என்பதைக் கூடவே பார்த்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் உயிரைக் குடிக்கும் வாயு எழும்.

கசடு பொய் சொல்லாது. மூன்று மாதத்து மெட்டாபைசல்ஃபைட் பில்லையும் சுண்ணாம்பு பில்லையும் கேளுங்கள். கழிவைக் கையாள அனுமதி பெற்றவரிடம் கசடு போனதற்கான சீட்டுகளைக் கேளுங்கள். உங்களுக்குப் பூசிய பாகங்களின் எண்ணிக்கை உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. பாகம் மாதாமாதம் ஒரே அளவு போயிருக்கிறது, ரசாயனம் பாதிதான் வாங்கியிருக்கிறார், கசடு வெளியே போகவேயில்லை என்றால், மீதித் தண்ணீர் எங்கே போனது என்று கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் மின் மீட்டரையும் பாருங்கள், பம்ப் ஓடாமல் தண்ணீர் சுத்தமாகாது. ஆலையின் பின்சுவரை ஒருமுறை சுற்றி வாருங்கள். மண் மஞ்சளாக இருந்தாலோ, சுவரோரம் புல் முளைக்காமல் இருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

குற்றம் உறுதியானால் இரவில் திறந்துவிடுவது அன்றைக்கே நிற்க வேண்டும், அதில் அவகாசம் கொடுக்க முடியாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் உங்கள் காலக்கெடுவுக்குக் காத்திருக்க மாட்டார்கள். சுத்திகரிக்க முடியாத அளவுக்கு மேல் அவர் பூசக் கூடாது, அப்படியென்றால் உங்கள் உற்பத்தி சில வாரம் குறையும், அதை உங்கள் திட்டமிடல் பிரிவிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். கழிவு விடுவது அங்குள்ள சட்டப்படி தெரிவிக்க வேண்டிய குற்றமாக இருந்தால் தெரிவித்தாக வேண்டும், மறைக்க நீங்கள் துணைபோகக் கூடாது. மற்ற திருத்தங்களுக்கு ஆறு மாதத் திட்டம் போடுங்கள்: பெரிய தொட்டி, ஃபில்டர் பிரஸ், ஆவியை உறிஞ்சும் அமைப்பு, தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. திட்டத்தின்படி நடக்கவில்லை, மறைக்கிறார், பதிவேட்டைத் திருத்துகிறார் என்று தெரிந்தால் அப்போது விலகுங்கள், முன்னறிவிப்போடும் நிலுவையைத் தீர்த்தும்.

போவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு பாகத்துக்கு நீங்கள் அவருக்குக் கொடுக்கும் விலையை எடுத்து, அதிலிருந்து குரோமிக் அமிலம், மின்சாரம், கூலி, வாடகையைக் கழியுங்கள். மீதியில் மெட்டாபைசல்ஃபைட்டும் சுண்ணாம்பும் கசடு அகற்றும் செலவும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் தப்பு முழுக்க அவருடையது, கண்டிப்போடு பேசலாம். அடங்கவில்லை என்றால், புதிய விலைக்கு உங்கள் நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கி, அந்தக் காகிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். முதலில் அதை மேசையில் வைத்துவிட்டு, பிறகு கசடு சீட்டுகளைக் கேளுங்கள்.